டாம்கேட் 9-இலிருந்து 10.1, 11-க்கு மாறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

டாம்கேட் என்பது ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வர். அதன் 9-ஆம் பதிப்பில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வார் ஃபைலை (செயலி முழுவதையும் அடக்கிய பொதி) எடுத்து, அப்படியே டாம்கேட் 10.1-இன் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டுப் பாருங்கள். சர்வர் முனகாமல் எழும். லாகில் ஒரு எரர்கூட இருக்காது. பிரவுசரில் முகவரியைத் தட்டினால் 404. ஸ்பிரிங் பூட் 2 ஃபிரேம்வொர்க்கில் கட்டிய செயலி என்றால் அநேகமாக இதுதான் நடக்கும். டாம்கேட் வார் ஃபைலைப் பிரித்தது, உள்ளே தேடியது, தனக்குப் புரிகிற சர்வ்லெட் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) எதுவும் இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டது. வெப்.எக்ஸ்எம்எல்-இல் சர்வ்லெட்டைப் பதிந்து வைத்திருக்கும் பழங்காலச் செயலி என்றால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. கிளாஸ் கிடைக்கவில்லை என்றாவது லாகில் வரும்.

காரணம் ஒரு பேக்கேஜ் பெயர். ஆரக்கிள் நிறுவனம் 2017-இல் ஜாவா இஇ-யை (நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா தொகுப்பு) எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. நிரல் கைமாறியது, ஆனால் ஜாவா என்ற வணிகப் பெயரின் உரிமை ஆரக்கிளிடமே இருந்தது. 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் பேக்கேஜ்களை எக்லிப்ஸ் தரப்பு இனி மாற்றி வளர்க்க முடியாது என்பது 2019 மே மாதம் உறுதியானது. அதனால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் 'ஜகார்த்தா' என்று மாற்றினார்கள். ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் என்பது ஜகார்த்தா.சர்வ்லெட் ஆனது. டாம்கேட் 10 இந்தப் புதிய பெயரை மட்டுமே அறியும். இரண்டையும் ஏற்கும் வசதி அதில் இல்லை.

எனவே இந்த மேம்படுத்தலில் சர்வரை மாற்றுவது சின்ன வேலை. பெரிய வேலை செயலிக்குள் இருக்கிறது. அதைவிடத் தொல்லை தருவது, யாரும் கவனிக்காமல் மாறிப்போன இயல்பு (டிஃபால்ட்) அமைப்புகள். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றினால் எது உடைந்தது என்றே தெரியாது. முதலில் ஜாவா, அப்புறம் பெயர், அப்புறம் சர்வர், கடைசியில் புதிய வசதிகள். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன.

டாம்கேட்டை அப்ளிகேஷன் சர்வர் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள், அது வெறும் சர்வ்லெட் கன்டெய்னர்தான் என்று. சரி, இருக்கட்டும். வைல்ட்ஃபிளை என்ற அப்ளிகேஷன் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. 2022 நவம்பரில் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து அதுவும் ஜகார்த்தா பெயருக்கு மாறிவிட்டது. கீழே வரும் முதல் மூன்று படிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

எந்தப் பதிப்புக்குப் போவது?

- டாம்கேட் 9: சர்வ்லெட் 4.0, ஜாவா 8 அல்லது மேல், பழைய ஜாவாஎக்ஸ் பெயர். 2027 மார்ச் 31 வரை ஆதரவு.
- டாம்கேட் 10.0: சர்வ்லெட் 5.0. பெயர் மாற்றத்துக்காகவே வந்த இடைப்பட்ட பதிப்பு. 2022 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது. இதை மறந்துவிடுங்கள்.
- டாம்கேட் 10.1: சர்வ்லெட் 6.0, ஜாவா 11 அல்லது மேல்.
- டாம்கேட் 11: சர்வ்லெட் 6.1, ஜாவா 17 அல்லது மேல். நிலையான வெளியீடு 2024 அக்டோபரில் வந்தது.

இதை முடிவு செய்வது பெரும்பாலும் நீங்கள் இல்லை, உங்கள் ஃபிரேம்வொர்க். ஸ்பிரிங் பூட் 3 தன்னோடு டாம்கேட் 10.1-ஐக் கொண்டுவருகிறது. ஸ்பிரிங் பூட் 4 டாம்கேட் 11-ஐக் கொண்டுவருகிறது. நீங்கள் ஸ்பிரிங் 6-இல் நிற்கப் போகிறீர்கள் என்றால் 10.1 போதும். வெறும் சர்வ்லெட், ஜேஎஸ்பி வைத்து எழுதிய செயலி, ஜாவா 17 போடத் தடையில்லை என்றால் நேராக 11-க்குப் போய்விடலாம். பெயர் மாற்றம் என்ற பெரிய சுவரைத் தாண்டியபின் 10.1-க்கும் 11-க்கும் இடையே உள்ள தூரம் குறைவு. ஒருமுறை சோதனை செய்வதை இரண்டுமுறை செய்வானேன்?

படி 1: கணக்கெடுப்பு

வார் ஃபைலைப் பிரித்து, வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் லிப் ஃபோல்டரைத் திறந்து, ஒவ்வொரு ஜாராக (ஜாவா நிரல் பொதி) பட்டியலிடுங்கள். மூன்று குவியலாகப் பிரியும்.

முதல் குவியலுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். டேட்டாபேஸ் டிரைவர்கள், லாக்கிங் லைப்ரரிகளின் மையப் பகுதி, எக்செல் கோப்பு படிக்கும் லைப்ரரி போன்றவை சர்வ்லெட்டைத் தொடுவதே இல்லை.

இரண்டாவது குவியலுக்குப் புதிய பதிப்பு தேவை. ஸ்பிரிங் 5.3 என்றால் 6, டேட்டாபேஸோடு பேசும் ஹைபர்னேட் 5 என்றால் 6, ஜெர்சி 2 என்றால் 3, ஸ்ட்ரட்ஸ் 6 என்றால் 7. ஜாவாமெயில், ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல் லைப்ரரி) இரண்டுக்கும் ஜகார்த்தா பெயரிலேயே புதிய ஜார்கள் உண்டு. இங்கே உங்கள் நேரத்தில் பாதி போய்விடும். குறிப்பாக ஹைபர்னேட் 5-இலிருந்து 6-க்குப் போவது தனி ஒரு வேலை. அதைத் திட்டத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டு நகராதீர்கள்.

மூன்றாவது குவியல்தான் தலைவலி. எப்போதோ வேலையை விட்டுப் போன யாரோ எழுதியது, சோர்ஸ் எங்கே என்று யாருக்கும் தெரியாத ஜார். பேமென்ட் கேட்வே கொடுத்த பழைய கிட், அலுவலக உள்நுழைவுக்கான ஃபில்டர், ரிப்போர்ட் எடுக்கும் சாதனம். இவற்றுக்கு வழி இருக்கிறது, மூன்றாவது படியில் வரும். இப்போதைக்குப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சோர்ஸ் முழுக்க 'ஜாவாஎக்ஸ்' என்று தேடுங்கள். கிடைப்பது எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். ஜாவாஎக்ஸ் என்று தொடங்குபவற்றில் கணிசமானவை ஜாவா எஸ்இ-யை, அதாவது அடிப்படை ஜாவாவைச் சேர்ந்தவை, அவை அப்படியே இருக்கின்றன. எஸ்க்யூஎல், நேமிங், கிரிப்டோ, நெட், எக்ஸ்எம்எல் பார்சர்ஸ் பேக்கேஜ்கள் மாறவில்லை. டிரான்சாக்ஷன் பேக்கேஜ் மாறியது, அதற்குள் இருக்கும் எக்ஸ்ஏ மாறவில்லை. அனொட்டேஷன் பேக்கேஜ் மாறியது, அதற்குள் இருக்கும் ப்ராசஸிங் மாறவில்லை. எடிட்டரில் மொத்தமாக மாற்று என்ற பட்டனை அழுத்தினால் டேட்டாசோர்ஸ்கூட ஜகார்த்தாவுக்குப் போய், கம்பைலர் நூற்றுக்கணக்கில் எரர் கொட்டும்.

படி 2: டாம்கேட் 9-இல் இருந்துகொண்டே ஜாவாவை ஏற்றுங்கள்

பலர் தாவிவிடும் படி இது. டாம்கேட் 9 ஜாவா 17-இலும் ஓடும். எனவே முதலில் டாம்கேட் 9-இன் ஆகப் புதிய வெளியீட்டுக்கு வாருங்கள். பிறகு அதன்கீழ் இருக்கும் ஜாவாவை மட்டும் 8-இலிருந்து 17-க்கு மாற்றி ப்ரொடக்ஷனில் சில நாள் ஓட விடுங்கள்.

புதிய 9-க்கு வருவதற்குப் பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. 2025 மார்ச்சில் வெளியான சிவிஇ-2025-24813 என்ற ஓட்டை பகுதி பகுதியாக வரும் புட் கோரிக்கைகளைப் பற்றியது. டிஃபால்ட் சர்வ்லெட்டுக்கு எழுதும் அனுமதி கொடுத்திருந்தால், வேறு சில நிபந்தனைகளும் சேரும்போது வெளியாள் உங்கள் சர்வரில் தன் நிரலை ஓட்டிவிட முடியும். 9.0.99, 10.1.35, 11.0.3 ஆகியவற்றில் சரிசெய்துவிட்டார்கள். மேம்படுத்தல் முடிய மாதங்கள் ஆகலாம், அதுவரை ஓட்டையோடு இருக்க வேண்டியதில்லை.

ஜாவா 17-இல் என்னென்ன தடுக்கும்? ஜாக்ஸ்பி, ஜாவா 11-லேயே ஜேடிகே-யிலிருந்து போய்விட்டது, தனி ஜாராகச் சேர்க்க வேண்டும். ஜேடிகே-யின் உள் கிளாஸ்களை ரிஃப்ளெக்ஷன் மூலம் நோண்டும் பழைய லைப்ரரிகள் 17-இல் நின்றுவிடும். செட்என்வ் ஸ்கிரிப்டில் பழைய சிஎம்எஸ் கார்பேஜ் கலெக்டருக்கான ஆப்ஷன் எழுதியிருந்தால் ஜேவிஎம் எழவே எழாது, அந்தக் கலெக்டரை ஜாவா 14-இல் நீக்கிவிட்டார்கள். யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஆப்ஷன்கள் அந்த ஸ்கிரிப்டில் நிறைய இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஹீப் அளவை மட்டும் வைத்துத் தொடங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி.

படி 3: பெயர் மாற்றம்

சோர்ஸ் கையில் இருந்தால் கருவிகள் உதவும். இன்டெல்லிஜே-யில் ஜாவா இஇ-யிலிருந்து ஜகார்த்தா இஇ-க்கு மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. மேவன், கிரேடில் இரண்டிலும் ஓடும் ஓப்பன்ரீரைட் கருவியில் இதற்கென்றே தயார் ரெசிப்பி உண்டு, அது பில்ட் ஃபைலில் இருக்கும் சார்புகளையும் சேர்த்து மாற்றும். செயலி பெரிதென்றால் ஓப்பன்ரீரைட்தான் நல்லது. தனி கிளையில் ஓட்டி, வரும் மாற்றங்களை ஒரே கமிட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கமிட்டில் வேறு எதையும் கலக்காதீர்கள்.

கம்பைல் ஆகிவிட்டது என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. கம்பைலருக்குத் தெரியாத இடங்களில் பழைய பெயர் ஒளிந்திருக்கும்.

மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயர்கள் முதலாவது. எரர் பக்கத்தில் ஸ்டேட்டஸ் எண்ணை எடுக்க ரிக்வெஸ்ட் ஆட்ரிபியூட்டின் பெயரைச் சரமாக எழுதியிருப்பீர்கள். அந்தப் பெயரும் இப்போது ஜகார்த்தா.சர்வ்லெட்.எரர் என்று தொடங்குகிறது. மாற்றவில்லை என்றால் எரர் வராது, நல் (null, மதிப்பே இல்லை) என்று வரும், எரர் பக்கம் காலியாகத் தெரியும். ஃபார்வர்டு செய்யும்போது மூல முகவரியைத் தரும் ஆட்ரிபியூட்டுக்கும் இதே கதை. அதை வைத்து அனுமதி சரிபார்க்கும் ஃபில்டர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நல் வந்தால் அனுமதி கொடு என்று யாராவது எழுதியிருந்தால் கதவு திறந்தே கிடக்கும்.

இரண்டாவது, மெட்டா-இன்ஃப் ஃபோல்டருக்குள் சர்வீசஸ் என்ற இடத்தில் இருக்கும் கோப்புகள். அங்கே கோப்பின் பெயரே பேக்கேஜ் பெயர்தான். தொடக்கத்தில் சொன்ன மௌனமான 404-க்கும் இதுதான் காரணம். ஸ்பிரிங் 5 வைத்திருக்கும் கோப்பு பழைய பெயரில் இருப்பதால் டாம்கேட் 10.1 அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

மூன்றாவது, பெர்சிஸ்டன்ஸ்.எக்ஸ்எம்எல்-இல் இருக்கும் ப்ராப்பர்ட்டி பெயர்கள். நான்காவது, ஜேஎஸ்பி பக்கங்களின் தலையில் இருக்கும் இம்போர்ட் வரிகள். ஜேஎஸ்பி ஓடும்போதுதான் கம்பைல் ஆகும், எனவே யாரும் அதிகம் திறக்காத பக்கம் மூன்று மாதம் கழித்து உடையும். பில்டிலேயே எல்லா ஜேஎஸ்பி-களையும் முன்கூட்டியே கம்பைல் செய்து பார்த்துவிடுங்கள்.

ஜேஎஸ்டிஎல் டேக் பயன்படுத்துபவர்கள் ஜார்களைப் புதிய ஜகார்த்தா பதிப்புக்கு மாற்ற வேண்டும். பக்கங்களில் இருக்கும் பழைய டேக்லிப் முகவரி புதிய ஜாரிலும் வேலை செய்யும், அதற்காக எல்லாப் பக்கங்களையும் இன்றே திருத்த வேண்டாம்.

பெயர் மாற்றம் போதாதென்று, சர்வ்லெட் 6.0-இல் சில பழைய மெத்தட்களையும் நீக்கிவிட்டார்கள். ஸ்டேட்டஸ் எண்ணோடு செய்தியையும் கொடுக்கும் செட்ஸ்டேட்டஸ், ரிக்வெஸ்ட்டிலிருந்து நேராகக் கூப்பிடும் கெட்ரியல்பாத், செஷனில் கெட்வேல்யூ, புட்வேல்யூ, சிங்கிள்த்ரெட்மாடல் என்ற இன்டர்ஃபேஸ் எல்லாம் போய்விட்டன. உங்கள் நிரலில் இருந்தால் கம்பைலரே சொல்லிவிடும். பழைய ஜாருக்குள் இருந்தால் ஓடும்போதுதான் தெரியும்.

இப்போது அந்த மூன்றாவது குவியல், அதாவது சோர்ஸ் இல்லாத ஜார்கள். டாம்கேட் குழுவே ஒரு மாற்றுக் கருவி தருகிறது. 10.1-இன் 'பின்' (bin) ஃபோல்டரில் மைக்ரேட் என்ற பெயரில் ஸ்கிரிப்ட் இருக்கும். பழைய வார் அல்லது ஜாரின் பெயரையும் புதிய கோப்பின் பெயரையும் கொடுத்தால், பைட்கோடுக்குள் புகுந்து பெயர்களை மாற்றித் தரும். டாம்கேட் தரும் பேக்கேஜ்களை மட்டும் மாற்றுவது அதன் இயல்பு. மெயில், பெர்சிஸ்டன்ஸ் போன்றவையும் மாற வேண்டுமென்றால் ப்ரொஃபைலை இஇ என்று கொடுக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்பம் இட்ட ஜாரை மாற்றினால் கையொப்பம் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குப் பக்கத்தில் வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, பழைய வார் ஃபைலை அதில் போட்டால் டாம்கேட் தானே மாற்றி டிப்ளாய் செய்துவிடும். மாறுமா மாறாதா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ள இது அருமை. நிரந்தரமாக இதிலேயே இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் சோதித்த ஃபைல் ஒன்று, ஓடும் ஃபைல் வேறொன்று என்றால் இரவு இரண்டு மணிக்கு லாகைப் படிக்கும்போது புத்தி பேதலிக்கும். ஓடும்போது துண்டு துண்டாகச் சேர்த்து உருவாக்கும் கிளாஸ் பெயர்களையும் இந்தக் கருவியால் பிடிக்க முடியாது.

படி 4: புதிய சர்வரைப் பக்கத்தில் நிறுவுங்கள்

பழையதன்மேல் புதியதை விரிக்காதீர்கள். டாம்கேட்டில் இரண்டு இடங்கள் உண்டு. கேட்டலினா ஹோம் என்பது டாம்கேட்டின் சொந்த நிரல், 'பின்', 'லிப்' ஃபோல்டர்கள். கேட்டலினா பேஸ் என்பது உங்களுடையது, கான்ஃப், லாக்ஸ், வெப்ஆப்ஸ், வொர்க், டெம்ப் ஃபோல்டர்கள். இரண்டையும் தனித்தனி இடத்தில் வைத்தால் அடுத்த சின்ன மேம்படுத்தலுக்கு ஹோம் எங்கே என்று காட்டும் ஒரு வரியை மாற்றினால் போதும். 10.1.x-இலிருந்து அடுத்த 10.1.x-க்குப் போவது அஞ்சு நிமிட வேலையாகிவிடும்.

டவுன்லோடு செய்ததும் எஸ்எச்ஏ-512 சரிபார்ப்பைச் செய்யுங்கள். உபுண்டு 24.04, டெபியன் 12 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றின் தொகுப்பில் டாம்கேட் 9 சர்வராகக் கிடைக்காது, டாம்கேட் 10 என்ற பெயரில் 10.1 மட்டும்தான். ஓஎஸ்-ஐ மேம்படுத்தியதால் டாம்கேட்டும் தானாக மாறி, காலையில் வந்து 404-ஐப் பார்த்தவர்கள் உண்டு. டெபியன் தொகுப்பில் சிஸ்டம்டி கட்டுப்பாடும் இறுக்கமாக இருக்கும். செயலி வேறு ஃபோல்டரில் கோப்பு எழுதினால், அந்த இடத்தை எழுதும் பட்டியலில் சேர்க்காதவரை அனுமதி மறுப்பு வரும். ஃபோல்டரின் உரிமையாளரை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.

சர்வர்.எக்ஸ்எம்எல்-ஐ மட்டும் பழையதிலிருந்து நகலெடுக்காதீர்கள். புதியதை எடுத்து, உங்கள் மாற்றங்களை ஒவ்வொன்றாக அதில் எழுதுங்கள். முக்கியமாக மாறியவை இவை:

எச்டிடிபிஎஸ் கனெக்டரில் (கோரிக்கைகளைக் கேட்கும் வாசல்) கீஸ்டோர் விவரங்களைக் கனெக்டரின் ஆட்ரிபியூட்டாகவே எழுதும் பழைய முறை இப்போது இல்லை. எஸ்எஸ்எல்ஹோஸ்ட்கான்ஃபிக் என்ற உறுப்பை உள்ளே வைத்து, அதற்குள் சர்டிஃபிகேட் உறுப்பில் எழுத வேண்டும். பழையபடி விட்டால் டிஃபால்ட் பெயருக்கு எஸ்எஸ்எல்ஹோஸ்ட்கான்ஃபிக் எதுவும் கிடைக்கவில்லை என்று லாகில் வந்து அந்தக் கனெக்டர் எழாது. டாம்கேட் 9-லேயே புதிய முறை வேலை செய்யும், எனவே இதை முன்கூட்டியே 9-இல் மாற்றிச் சோதித்துவிடலாம்.

நேட்டிவ் லைப்ரரி வழியாக ஓடிய ஏபிஆர் கனெக்டரை 10.1-இல் நீக்கிவிட்டார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் வேகம் வேண்டும் என்றால் என்ஐஓ கனெக்டரோடு டாம்கேட் நேட்டிவ் லைப்ரரியைச் சேர்க்கலாம். ஜாவா 22 அல்லது மேல் என்றால் அந்த லைப்ரரியும் வேண்டாம், ஜாவாவின் புதிய வெளி நினைவக வசதி வழியாக நேரடியாக ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐப் பிடித்துக்கொள்ளும்.

அப்பாச்சி வெப் சர்வரோடு ஏஜேபி என்ற நெறிமுறையில் இணைத்திருப்பவர்கள்: 2020-இல் கோஸ்ட்கேட் ஓட்டை வந்தபின் ஏஜேபி லோக்கல் முகவரியில் மட்டும் கேட்கும், ரகசியச் சொல்லும் கட்டாயம். 9.0.31-க்கு முந்தைய பதிப்பிலிருந்து வருபவர்களுக்கு இது புதிது. முடிந்தால் இந்தச் சாக்கில் எச்டிடிபி ப்ராக்ஸிக்கே மாறிவிடுங்கள்.

டாம்கேட் 11-க்குப் போகிறவர்கள் செக்யூரிட்டி மேனேஜர் கோப்பு வைத்திருந்தால் அது இனி செல்லாது. ஆதரவை எடுத்துவிட்டார்கள், ஜாவாவே 24-இல் அதை முடக்கிவிட்டது.

படி 5: பேச்சில்லாமல் மாறிய இயல்புகள்

தமிழ்ப் பெயர்களைப் படிவத்தில் வாங்கும் செயலி எதுவானாலும் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கவும்.

டாம்கேட் 9 வரை, போஸ்ட் கோரிக்கையில் எழுத்துக் குறியாக்கம் சொல்லப்படவில்லை என்றால் ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் எழுத்து எதுவும் கிடையாது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி) மூன்று பைட், மூன்றும் தனித்தனி லத்தீன் எழுத்தாக விரிந்து, 'முருகன்' என்று தட்டினால் டேட்டாபேஸில் கோணல்மாணலாகச் சேரும். 10-இலிருந்து கான்ஃப் ஃபோல்டரில் வரும் வெப்.எக்ஸ்எம்எல்-லேயே கோரிக்கைக்கும் பதிலுக்கும் யூடிஎஃப்-8 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த மேம்படுத்தலில் நமக்குக் கிடைக்கும் உருப்படியான நன்மை இது என்பேன்.

ஆனால் இதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. பழைய செயலிகளில் இந்தக் கோளாறுக்கு இரண்டு விதமாக மருந்து போட்டிருப்பார்கள். ஃபில்டர் எழுதி யூடிஎஃப்-8 என்று வைத்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஃபில்டர் இருந்தாலும் போனாலும் ஒன்றுதான். இன்னொரு விதம், வந்த சரத்தை ஐஎஸ்ஓ-8859-1 பைட்டுகளாகப் பிரித்து, அதை மறுபடி யூடிஎஃப்-8 சரமாகக் கட்டுவது. டாம்கேட் 9-இல் இது சரியாக வேலை செய்யும். புதியதில் சரம் ஏற்கெனவே சரியான தமிழாக வந்துவிடுகிறது. அதை ஐஎஸ்ஓ-8859-1 பைட்டாக்கினால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறும். கோணல் எழுத்தையாவது மீட்கலாம், கேள்விக்குறியை மீட்கவே முடியாது. சோர்ஸில் 8859 என்று தேடிப் பாருங்கள். கிடைக்கும் ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பாருங்கள். ஸ்டேஜிங்கில் சோதிக்கும்போது ஆங்கிலப் பெயர்களை மட்டும் தட்டி டிக் போட்டுவிட்டால் இது சிக்கவே சிக்காது.

அடுத்தது செஷன். முன்பு டாம்கேட்டை முறையாக நிறுத்தி எழுப்பினால் செஷன்களைக் கோப்பில் எழுதி வைத்து மீண்டும் ஏற்றும், பயனர்கள் லாகின் ஆகியே இருப்பார்கள். 10-இலிருந்து அது இயல்பாக அணைந்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் எல்லோரும் வெளியே. வேண்டுமென்றால் கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்-இல் மேனேஜர் உறுப்பை எழுதி மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

பெரிய படிவங்கள் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரம்புகள். ஒரு கோரிக்கையில் வரக்கூடிய பாராமீட்டர்களின் இயல்பு எண்ணிக்கை நெடுங்காலம் 10,000-ஆக இருந்தது, புதிய வரிசைகளில் 1,000. நூறு வரிசை, வரிசைக்குப் பத்துக்கு மேல் புலம் கொண்ட மதிப்பெண் பட்டியலை ஒரே பக்கத்தில் திருத்திச் சேமிக்கும் செயலி இதில் இடிக்கும். இரண்டாவது வரம்பு, கோப்பு ஏற்றும் மல்டிபார்ட் படிவங்களுக்கானது. சேவையை முடக்கும் ஓட்டை ஒன்றை அடைப்பதற்காக, 2025 ஜூனில் பகுதிகளின் எண்ணிக்கையை 10 என்று வைத்து வெளியிட்டார்கள். மல்டிபார்ட்டில் ஒவ்வொரு சாதாரணப் புலமும் ஒரு பகுதிதான், ஆகவே பதினொரு புலம் இருக்கும் விண்ணப்பப் படிவமே உடைந்தது. அடுத்த வெளியீட்டில் அதை 50-ஆக உயர்த்தினார்கள். 50-உம் போதாது என்றால் கனெக்டரில் மேக்ஸ்பார்ட்கவுன்ட் ஆட்ரிபியூட்டை உயர்த்துங்கள், ஆனால் உங்கள் பெரிய படிவத்தை எண்ணிப் பார்த்து அதற்கு வேண்டிய அளவு மட்டும்.

படி 6: புதிய வசதிகளில் எதை எடுத்துக்கொள்ளலாம்

எல்லோரும் முதலில் கேட்பது வெர்ச்சுவல் த்ரெட், அதாவது ஜாவாவே நிர்வகிக்கும் லேசான த்ரெட். ஜாவா 21 அல்லது மேல் இருந்தால் கனெக்டரில் யூஸ்வெர்ச்சுவல்த்ரெட்ஸ் என்ற ஆட்ரிபியூட்டுக்கு ட்ரூ கொடுத்தால் போதும். டேட்டாபேஸ் பதிலுக்கோ வேறொரு சர்வரின் பதிலுக்கோ காத்திருக்கும் நேரம் அதிகமான செயலிகளுக்கு நல்ல பலன் தரும். கணக்குப் போட்டே சிபியு-வைத் தின்னும் செயலிக்கு ஒரு பயனும் இல்லை.

இதை இயக்கும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். டாம்கேட்டின் இயல்பு த்ரெட் எண்ணிக்கை 200. அது வரம்பு மட்டுமல்ல, தெரியாமலேயே உங்கள் டேட்டாபேஸுக்குக் காவலாகவும் நின்றது. ஒரே நேரத்தில் 200 பேருக்கு மேல் உள்ளே போக முடியாது. வெர்ச்சுவல் த்ரெட் வந்தால் அந்த வாசல் கிடையாது. என்ஐஓ கனெக்டரின் இயல்பு இணைப்பு வரம்பான 8,192 வரை எல்லோரும் உள்ளே வந்துவிடலாம். டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் ஹிகாரி பூலில் இயல்பாக இருப்பதோ 10 இணைப்பு. மீதிப் பேர் பூலின் வாசலில் நின்று, நேரம் கடந்து, எரரோடு திரும்புவார்கள். வெளி சேவைகளைக் கூப்பிடும் இடங்களிலும் இப்படித்தான். எனவே பூல் அளவு, காத்திருக்கும் நேர வரம்பு, வெளி சேவைக்கான உச்ச வரம்பு ஆகிய மூன்றையும் முடிவு செய்தபின் இயக்குங்கள். ஜாவா 21-இல் சிங்க்ரனைஸ்டு பகுதிக்குள் காத்திருந்தால் அடியில் இருக்கும் உண்மையான த்ரெட்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பழைய லைப்ரரிகளில் இது அதிகம். ஜாவா 24-இல் அதைத் தீர்த்துவிட்டார்கள். 25 நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால், அதற்கு மாறிய பிறகு இதைத் தொடுவதே நிம்மதி.

குக்கீயில் செட்ஆட்ரிபியூட் மெத்தட் சர்வ்லெட் 6.0-இல் வந்தது. சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையில் குக்கீ போகலாமா என்று சொல்வது) வைப்பதற்காக ஹெடரை நாமே சரமாகக் கட்டிய காலம் முடிந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாளம் தரும் கெட்ரிக்வெஸ்ட்ஐடி-யும் 6.0-தான். லாகில் அதைப் போட்டு வைத்தால் ஒரே கோரிக்கையின் வரிகளைக் கோர்த்துப் பார்ப்பது சுலபம்.

சர்வ்லெட் 6.1, அதாவது டாம்கேட் 11-இல், ரீடைரெக்ட் செய்யும்போது ஸ்டேட்டஸ் எண்ணையும் நேரடியாகக் கொடுக்கலாம், 301-க்காகத் தனியாக ஹெடர் எழுத வேண்டாம். பேட்ச் கோரிக்கைக்கு டூபேட்ச் மெத்தட் வந்திருக்கிறது. பைட்பஃபர் வழியாகப் படிக்கலாம், எழுதலாம். வெப்சாக்கெட் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படுவது செஷன் அக்சஸர்: கோரிக்கை எதுவும் நடக்காத நேரத்திலும் செஷனைத் தொட்டு, அது காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ள முறையான வழி. எச்டிடிபி/2-இன் புஷ்பில்டரைக் கைவிடப்படும் பட்டியலில் போட்டுவிட்டார்கள். பிரவுசர்களே அதை விட்டுவிட்டன, யாரும் அழப் போவதில்லை.

படி 7: மாற்றும் நாள்

பழைய டாம்கேட் 8080-இல் ஓடட்டும். புதியது 8081-இல், நிறுத்தும் போர்ட்டான 8005-ஐயும் வேறு எண்ணாக்கி எழட்டும். முன்னால் இருக்கும் எஞ்சின்எக்ஸ் அல்லது லோடு பேலன்ஸரில் முதலில் உங்கள் குழுவின் முகவரிகளை மட்டும் புதியதுக்கு அனுப்புங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். 9-ஐயும் 10.1-ஐயும் ஒரே செஷன் கிளஸ்டரில் சேர்க்காதீர்கள். ஒரு பயனர் தொடங்கிய சர்வரிலேயே முடிக்கட்டும், ஸ்டிக்கி செஷன் இருந்தால் இது தானாக நடக்கும். பழையதுக்குப் புதியவர்கள் யாரையும் அனுப்பாமல், உள்ளே இருப்பவர்கள் வெளியேறும்வரை விடுங்கள்.

எழுந்ததும் பார்க்க வேண்டியவை: கேட்டலினா லாகில் உங்கள் செயலி டிப்ளாய் ஆன வரி, அதோடு ஸ்பிரிங் தொடங்கிய வரியும். முதல் வரி மட்டும் வந்து இரண்டாவது வரவில்லை என்றால் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள். பிறகு தமிழில் ஒரு பதிவைச் சேமித்து, டேட்டாபேஸில் நேராகப் பாருங்கள். பெரிய படிவம் ஒன்று, கோப்பு ஏற்றம் ஒன்று, வேண்டுமென்றே ஒரு 404, ஒரு 500. ஆக்சஸ் லாகில் 400-கள் திடீரென்று கூடியிருந்தால் ஐந்தாவது படியில் சொன்ன வரம்புகளில் ஏதோ ஒன்று இடிக்கிறது.

ரோல்பேக், அதாவது பழையதுக்குத் திரும்புவது, ப்ராக்ஸியில் ஒரு வரியைத் திருப்புவதுதான், ஒரே ஒரு இடத்தைத் தவிர. ஹைபர்னேட் 6-க்கும் சேர்த்து மாறியிருந்தால், எண் வழங்கும் சீக்வென்ஸின் இயல்புப் பெயரிடல் மாறியிருக்கும். 5-இல் எல்லா டேபிள்களுக்கும் பொதுவாக ஒன்று, 6-இல் ஒவ்வொரு என்டிட்டிக்கும் தனியாக ஒன்று. புதியது ஓடிய நேரத்தில் பொதுவான சீக்வென்ஸ் நகர்ந்திருக்காது. பழையதுக்குத் திரும்பினால் ஏற்கெனவே போன எண்களையே மறுபடி வழங்கி, பிரைமரி கீ மோதும். சீக்வென்ஸ் பெயரை என்டிட்டியிலேயே வெளிப்படையாக எழுதி, இரண்டு பதிப்பும் ஒரே சீக்வென்ஸைத் தொடும்படி முன்பே செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஹைபர்னேட் 6-இல் பழைய பெயரிடலுக்கே திருப்பும் அமைப்பு இருக்கிறது, அதை வைத்துவிட்டு மாறுங்கள்.

ஒரு மாத முடிவு வேலை, அதாவது ரிப்போர்ட், பில்லிங் போன்றவை புதியதில் முழுசாக ஓடி முடியும்வரை பழைய டாம்கேட்டின் பேஸ் ஃபோல்டரை அழிக்காதீர்கள். சேவையை மட்டும் நிறுத்தி, தானாக எழுவதை அணைத்து வையுங்கள். அழிக்கும்போது அதன் பழைய ஜாவாவையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.